ஆடி கழியட்டும்

ஆடி 3

ராத்திரி இரண்டு மணி இருக்கும், ‘டொப்’ என்று ஒரு சத்தம். பின்பக்கப் பலாவிலிருந்து காய் விழுந்திருக்கும் என்று புரண்டு படுத்தேன். காய் விழுந்தால் அதற்கப்புறம் கம்பி முனகாதே. எழுந்து டார்ச் அடித்தேன். கிதாரின் பிரிட்ஜ் பெயர்ந்து, ஆறு கம்பியையும் பிடித்தபடி தொங்குகிறது. அதன் அடியில் பலகையின் தோலும் வெளிர் நாராக உரிந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

தப்பு என்னுடையது. பத்து நாளாக மூட்டம். துணி காயவில்லை, உப்பு நீர்த்துப்போகிறது, செருப்பில் பூசணம். கிதாரில் ஈரம் ஏறிவிடுமே என்று அடுப்படிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். பகலெல்லாம் அனல், ராத்திரியெல்லாம் குளிர். எந்தப் பசை தாங்கும்?

தூக்கம் வரவில்லை. கிழித்துப்போட்ட தேதித்தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

ஆடி 4

2006இல், முதல் சம்பளத்தில் வாங்கியது. யமஹா எஃப் 310. திருச்சிக்கு அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனான். கடையில் ஐந்தாறு கிதார் மாட்டியிருந்தார்கள். எதையும் வாசித்துப் பார்க்க எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் வைத்திருந்தது ஆர்எக்ஸ் 100. அந்த வண்டியின் டேங்கில் இருந்த அதே மூன்று இசைக்கவை இதன் தலையிலும் இருக்கிறது என்று காட்டினான். “கண்ண மூடிக்கிட்டு இத எடு பாப்பா.” எடுத்தேன்.

அதற்கப்புறம் எனக்கு யமஹாவைத் தவிர வேறு பெயரே இல்லை. விடுதிக்குக் கீபோர்டு வாங்கச் சொன்னபோதும் அதுதான், பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் குழல் வாங்கியபோதும் அதுதான். 1887இல் ஜப்பானில் ஹமமட்சு என்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆர்கன் பழுதாகி, அதைச் சரிபார்க்கப் போன டொராகுசு யமஹாவிடமிருந்து தொடங்கிய கதையை வருஷா வருஷம் ஆறாம் வகுப்பில் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துப் பழுதுவேலையில் பிறந்த பெயர் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

அண்ணன் போய் மூன்று வருஷம்.

ஆடி 5

ஜெபக்கூடத்தில் வெறும் கைத்தட்டலோடு பாடினோம். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆடி 7

ஆசாரி அண்ணனிடம் கொண்டு போனேன். சில்வர் ஓக் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“இது கட்டில் கால் இல்லீங்க டீச்சர், பசையத் தடவி ஆணி அடிக்கிறதுக்கு.”

அவர் சொல்வது சரி. ஆறு கம்பியும் முறுக்கேறி நிற்கும்போது எழுபது கிலோவுக்குக் குறையாத இழுப்பு. ஒரு ஆள் ராத்திரியும் பகலும் அந்தப் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்குகிற கணக்கு. பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, உரிந்த நாரை அதே இடத்தில் படியவைத்து, பலகையில் ஈரம் வற்றிய பிறகுதான் ஒட்ட முடியுமாம். கிதார் மரத்துக்கு 45இலிருந்து 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது என்பார்கள். ஆடியில் கொல்லிமலைச் செம்மேட்டுக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். “வெயில் வரட்டும்” என்றார்.

பிறகு பலகையின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். “வயிறு உப்பியிருக்குதுங்க. இது நேத்து வந்த உப்பல் இல்லீங்க, வருசக்கணக்கா இருக்கும்.”

நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத எதுவும் என் கிதாரில் இருக்க முடியாது என்று மனசில் கோபம் வந்தது.

ஆடி 11

கீழே போய்விட்டு வந்தேன். காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது வழக்கம்போல் காது அடைத்தது. முன்சீட்டுப் பையன் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தான்.

நாமக்கல் கடையில் எஃப் 280 இருந்தது. என்னுடையதின் தம்பி என்று சொல்லலாம், கம்பி நீளம்கூட அதே 634 மில்லிமீட்டர். ஒலித்துளைக்குள் ஒட்டியிருந்த சீட்டை எட்டிப் பார்த்தேன். மேட் இன் இந்தியா. 2019இலிருந்து சென்னைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். என் கிதாரின் சீட்டில் இந்தோனேசியா. இத்தனை வருஷம் ஜப்பான் கிதார் ஜப்பான் கிதார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், எந்த ஊர் ஆள் இழைத்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இதை எழுதும்போது மனசு ஒரு மாதிரி இருக்கிறது. கிதாரின் மேல் வருத்தமில்லை, அது செய்தவர்களின் வேலை நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கைகளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்பதுதான்.

வாங்கவில்லை. கடைக்காரரே “ஆடியில எதுக்குங்க, ஆவணி பொறக்கட்டும்” என்றார். வியாபாரி வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது பிடித்திருந்தது.

திரும்பும்போது சேந்தமங்கலத்தில் இறங்கினேன். எங்கள் பக்கத்து மிளகு எடுக்கிற வியாபாரியின் மகன் வெளிநாடு போய்விட்டான், அவன் கிதார் சும்மா கிடக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். மச்சுப்படியில், மிளகு மூட்டைகளுக்கு மேலே, உறைகூட இல்லாமல் இருந்தது. தலையில் கல்கத்தாக் கம்பெனி ஒன்றின் பெயர். நான் கேள்விப்பட்டதில்லை. கிவ்சன், ஹாப்னர் கிதார் எல்லாம் அந்த ஊர்தான். இந்தியாவில் எத்தனையோ பேர் முதல் கார்டைப் பழகியது கல்கத்தா மரத்தில். ஆனால் நான் இதுவரை அதைக் கையால் தொட்டதில்லை. தொடாமலே மட்டம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

எடுத்தேன். மிளகு வாசனை. துருப்பிடித்த கம்பி விரலில் கறுப்பாக ஒட்டியது. டியூன் செய்து ஜி பிடித்தேன், டி பிடித்தேன். பிறகு எஃப். ஒரே விரலால் ஆறு கம்பியையும் அமுக்குகிற அந்தக் கார்டுக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொள்வது வழக்கம். மூச்சைப் பிடிக்கும் முன்பே அது ஒலித்துவிட்டது.

“ஐயாயிரம் குடுங்க டீச்சர். அவசரமில்ல, ஆடி முடியற வரைக்கும் வெச்சு வாசிச்சுப் பாருங்க.”

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அண்ணனுக்கு ஏதோ துரோகம் செய்வதுபோல் இருந்தது. இது அசட்டுத்தனம் என்று தெரிகிறது. தெரிந்தால் போய்விடுகிறதா?

ஆடி 12

ஜெபக்கூடத்தில் புதியதை வாசித்தேன். அடிக்கம்பியில் கனம் இல்லை. என்னுடையது கூடத்தின் கடைசி வரிசை வரை போய்த் தரையில் உட்காரும், இது முன்வரிசையோடு நின்றுவிடுகிறது. பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆடி 14

வயநாட்டில் மலை சரிந்துவிட்டது. முண்டக்கை, சூரல்மலை. நாளெல்லாம் செய்திதான். பிள்ளைகள் நம் மலையும் விழுமா டீச்சர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கிதாரைத் தொடவில்லை.

ஆடி 15

இன்றும்.

ஆடி 18

ஓரி விழா. நேற்றிலிருந்து செம்மேடு முழுக்க வண்டியும் சனமும். வல்வில் ஓரி சிலைக்கு மாலை. ஆகாய கங்கைக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போகிறவர்கள் மூடுபனியில் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்கிறார்கள். புறநானூற்றில் வன்பரணர் இந்த ஓரியைப் பாடியிருக்கிறார். வேட்டைக்காரன் என்று நினைத்தவன் வள்ளலாக நின்றதும், பாணர் கூட்டம் பசியாறி, பரிசு வாங்கிப் போனதும் அதில் வரும். அந்தப் பாணர்கள் தூக்கிக்கொண்டு திரிந்த யாழை எந்த மரத்தில் செய்தார்கள், விரல் நுனியில் என்ன காய்ப்பு இருந்தது என்று ஒவ்வொரு விழாவிலும் நினைத்துக்கொள்வேன்.

கூட்டத்துக்குப் பயந்து சில பிள்ளைகள் விடுதியிலேயே இருந்துவிட்டார்கள். நானும். திண்ணையில் சேந்தமங்கலத்துக் கிதார் கிடந்தது. தின்னனூர் நாட்டுப் பிள்ளை ஒன்று, இப்போது எட்டாவது, போன வருஷம் என்னிடம் மூன்று வாரம் பழகிவிட்டு நின்றுபோனவள், கேட்காமலே எடுத்து மடியில் வைத்தாள். அதட்டப் போனேன். ஏனோ அதட்டவில்லை.

மறந்திருப்பாள் என்று பார்த்தால் சி கார்டு விரல் அப்படியே போய் உட்கார்ந்தது. அடித்தாள். மறுபடி அடித்தாள். விரல் நுனியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, “டீச்சர், இது வலிக்கல” என்றாள்.

“பழகியிருச்சு கண்ணு.”

“ஒரு வருசமா தொடவேயில்லையே டீச்சர்.”

ஆடி 19

ஜெபக்கூடத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து இந்தக் கிதாரின் 12ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் விட்டேன், போனது. இரண்டாவதை அதன்மேல் அடுக்கினேன். போகவில்லை.

போன வருஷம் பையன்கள் என் யமஹாவில் இதே இடத்தில் நாணயம் சொருகி விளையாடினார்கள். மூன்று ஒரு ரூபாய். மூன்றும் அடுக்காக நின்றது. கம்பியோடு விளையாடாதீங்கடா என்று திட்டி, நாணயத்தைப் பிடுங்கி உண்டியலில் போட்டேன். மூன்று எப்படி உள்ளே போனது என்று கேட்கத் தோன்றவில்லை.

என் விரல்களில் காய்ப்பு. பலகை வருஷா வருஷம் ஒரு மயிரிழை உப்பிக் கம்பியை உயர்த்தியிருக்கும், என் தோலும் ஒரு மயிரிழை தடித்திருக்கும். ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விட்டது. பிள்ளைகளின் விரல் அப்படியில்லை.

பால் பிராண்ட் இந்தக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி இங்கேயே ஊழியம் செய்து, 1929இல் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். மகன் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். நோயே விரலைத் தின்பதில்லை, வலி தெரியாமல் போவதால்தான் காயத்தின்மேல் காயம் பட்டு விரல் தேய்கிறது என்று எடுத்துக்காட்டியவர். வலி ஒரு கொடை என்று எழுதியவர். அவர் கதையை ஜெபக்கூடத்தில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அதையே கிதாருக்கும் திருப்பிக்கொண்டேன். “வலிக்கத்தான் செய்யும், வலிச்சாத்தான் வரும்.” எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். கை வலிக்கிறது என்று பிள்ளை சொல்லும்போது எங்கோ ஒன்று பழுது என்றுதான் அந்த வலி சொல்கிறது. அவர் சொன்னதே அதுதான். நான் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன்.

நின்றுபோனவர்களை எண்ணிப் பார்த்தேன். தின்னனூர்ப் பிள்ளை. சேலூர் நாட்டு அக்கா தங்கை இரண்டு பேர். விரலைக் கன்னத்தில் வைத்துக் குளிர்த்திக்கொள்ளும் ஒரு குட்டி, ஐந்தாவதோடு போய்விட்டது, முகம் நினைவிருக்கிறது. அதற்கு முந்தியவர்களின் முகம் வரவில்லை.

ஆடி 20

மழை. தேதித்தாளைக்கூடக் கிழிக்கவில்லை.

ஆடி 25

தின்னனூர்ப் பிள்ளை தினமும் சாயங்காலம் வருகிறாள். கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டாள். எனக்கு இன்னும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, அதையும் எழுதிவைக்க வேண்டும். அடிக்கம்பி ஊமைதான். புதுக் கம்பி மாற்றியும் பெரிய வித்தியாசமில்லை.

ராத்திரி இரண்டையும் பக்கத்தில் கிடத்திப் பார்த்தேன். என்னுடையதின் கழுத்தில் விரல் பதிகிற பலகை ஈட்டி மரம், தோதகத்தி என்பார்களே அது. நீலகிரி, வயநாட்டுப் பக்கத்துச் சொத்து. பிரேசில்காரர்கள் தங்கள் ஈட்டியை அறுக்காமல் முழுத்தடியாக அனுப்புவதற்குத் தடை போட்ட பிறகு, 1833இலிருந்து கிதார் செய்யும் அமெரிக்க மார்ட்டின் கம்பெனியே 1969இல் நம் ஈட்டிக்கு மாறிவிட்டது. நம் மலை மரம் கடல் தாண்டிப் போய், பெயர் ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. ஆரோவில்லில் எரிசா நியோகி கையாலேயே கிதார் செய்கிறார். அது என் சம்பளத்துக்கு எட்டாது. தஞ்சாவூரில் வீணைக்குப் பலா மரம்தான். என் வீட்டுப் பின்னால் நிற்கிற பலாவை இன்று நிமிர்ந்து பார்த்தேன், முதல் தடவை மரமாக.

யமஹா பலகையைத் தடவினேன். உப்பல் தெரிகிறது. கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

ஆடி 29

வெயில்! கிதாரை ஆசாரி அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆவணி 1

பஞ்சாங்கப்படி இனி எதையும் வாங்கலாம். சேந்தமங்கலத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை. பணம் பீரோவில்தான் இருக்கிறது. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எஃப் 280 வரும், அதன் உயரமும் சரியாகத்தான் இருந்தது, அண்ணனும் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பான். பிள்ளைகளோ கல்கத்தாக் கிதாருக்குத் துண்டில் உறை தைத்துவிட்டார்கள். ஓரத்தில் பச்சை நூலில் பூ.

சாயங்காலம் ஆசாரி அண்ணன் ஆள் அனுப்பினார். போனேன். முற்றத்தில் கட்டிலின் மேல் வெள்ளை வேட்டி விரித்து, அதில் கிதாரைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார். பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டி, உரிந்த நாரை இருந்த இடத்திலேயே வைத்துப் படியவிட்டிருந்தார். பிரிட்ஜைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார். அதன் மேல் கம்பி தாங்குகிற வெள்ளைத் துண்டைச் சுண்டுவிரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“உப்பலு முழுசா அமுங்காதுங்க டீச்சர். இதத் தேச்சுத்தான் கம்பிய எறக்கணும். ஒரேயடியா தேச்சுட்டா சத்தம் செத்துரும். எம்புட்டு எறக்கட்டுங்க, உங்க கைக்கு?”

“என் கைக்கு வேண்டாங்கண்ணே” என்றேன். வேறு யார் கைக்கு என்று கேட்டார். மணி ஆறாகிவிட்டது, விடுதியில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.