தோல் பெட்டியில் இருந்த தாள்கள்

எங்கள் மாரமங்கலத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் காகிதமெல்லாம் அப்பளம் மாதிரி நமத்துப் போகும். சேர்வராயன் மலையில் குடியிருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். காப்பித் தோட்டத்துக் கூலிக் கணக்கு, பத்திரம், பிள்ளைகளின் ஜாதகம் எல்லாவற்றையும் அடுப்புப் புகை படுகிற பரணில்தான் எங்கள் மாமியார் வைத்திருந்தார். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டுத் துணியில் முடிந்து வைப்பார். அப்படியும் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து போனதாலோ என்னவோ, இங்கிலாந்துப் பிரயாணத்தில் என் மனசில் நின்றது லண்டன் அரண்மனை இல்லை, கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி நூலகம்தான். அங்கே படிக்கிற என் தங்கை மகள், "பெரியம்மா, ராமானுஜன் இருந்த டிரினிட்டி கல்லூரியைப் பார்க்காமல் போகக் கூடாது" என்று பிடிவாதம் பிடித்தாள். கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ந் தேதி பிறந்தது எங்கள் சேலத்துக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில். அந்தப் பாத்தியதை வேறு!

கல்லூரி வாசலருகே ஒரு ஆப்பிள் மரம் நிற்கிறது. நியூட்டன் வீட்டு மரத்தின் வழி வந்ததாம். உள்ளே பெரிய முற்றம், நடுவில் நீரூற்று, பாய் விரித்த மாதிரிப் புல்தரை. அந்தப் புல்லில் நாம் கால் வைக்கக் கூடாது! கல்லூரிப் பெரியவர்களுக்கு மட்டும்தான் அந்த உரிமை. 1918-ல் ராமானுஜனை ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தார்களே, அப்போது நம் கும்பகோணத்துப் பிள்ளைக்கும் அந்த உரிமை கிடைத்தது. டிரினிட்டியில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

தெருவைத் தாண்டினால் அவர் குடியிருந்த ஹ்யூவெல் கட்டடம். பரம சைவம். தானே சமைத்துச் சாப்பிட்டார். நல்ல புளியும் தேங்காயெண்ணெயும் பார்சலில் அனுப்பச் சொல்லி ஊருக்குக் கடிதம் எழுதினாராம். குளிரில் கம்பளிக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல் அதன் மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார் என்று படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதையெல்லாம் சொல்லி அனுப்ப ஒரு ஆள் இல்லையே!

நூலகத்துக்கு ரென் நூலகம் என்று பெயர். செயின்ட் பால் ஆலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் வரைந்து கொடுத்தது. 1695-ல் முடிந்த கட்டடம். மாடிப்படி ஏறிப் போனால் நீளமான கூடம். இரண்டு பக்கமும் புத்தக அலமாரிகள், மரத்தில் செதுக்கிய பூக்கள், காய்கள். நம் கோயில் தேர்ச் சிற்பிகள் பார்த்தால் சபாஷ் போடுவார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் கையெழுத்துப் பிரதிகள். வெளிச்சம் பட்டு மை வெளிறாமல் இருக்க மேலே உறை போட்டு மூடியிருக்கிறது.

இங்கே இருக்கிறவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது நியூட்டன் மாணவராக இருந்தபோது எழுதிய செலவுக் கணக்கு நோட்டு. ஆமாம், நாம் எழுதுகிற மாதிரியே! காகித நோட்டு வாங்கிய செலவு ஒரு பட்டியலில். செர்ரிப் பழம், பீர், கேக், வெண்ணெய் இன்னொரு பட்டியலில். அந்த இரண்டாவது பட்டியலுக்கு அவர் கொடுத்த தலைப்பு 'வீண் செலவு' என்று அர்த்தமாம். பால் கூட அதில்தான் இருக்கிறது. பால் எப்படி வீண் செலவாகும் என்று நான் கேட்க, தங்கை மகள் சிரித்துவிட்டாள்.

ராமானுஜனின் தாள்களை என்னைப் போன்ற பார்வையாளர்களிடம் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். அதுவும் சரிதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் பிடித்து 1988-ல் நரோசா பதிப்பகம் வெளியிட்ட பெரிய புத்தகத்தைத் தங்கை மகள் கொண்டுவந்து காட்டினாள். 'தொலைந்துபோன நோட்டுப் புத்தகம்' என்கிறார்கள். பார்த்தால் நோட்டே இல்லை, உதிரித் தாள்கள்! நூறு பக்கங்களுக்கு மேல். பேச்சு ரொம்பக் குறைவு, எல்லாம் எண்ணும் எழுத்தும்தான். அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்களாம். எனக்கு ஒரு வரி புரியவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் எழுதினது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவர் 1919-ல் நோயாளியாகத் திரும்பி வந்தார். கொடுமுடி, கும்பகோணம் என்று வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சென்னை சேத்துப்பட்டு. மனைவி ஜானகி அம்மாளுக்கு இருபது வயசு. பத்து வயசில் கல்யாணம் ஆனவர். கணவருடன் சேர்ந்து வாழ்ந்த காலம் கொஞ்சம்தான். சீமைக்கும் ஊருக்கும் எழுதிய கடிதங்கள்கூட ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்கிறார்கள். அந்தக் கடைசி வருஷத்தில் வேளாவேளைக்கு சாதம், எலுமிச்சைச் சாறு, மோர் கொடுத்ததும், வலி என்றால் காலிலும் மார்பிலும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் ஜானகி அம்மாள்தான். வெந்நீர் போட்ட இரண்டு பாத்திரங்களையும் அவர் பல வருஷங்கள் விடாமல் வைத்திருந்தார்.

சாவதற்குச் சில நாள் முன்வரை ராமானுஜன் தாள் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டே இருந்தார். முன்பு காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவர். எழுதின தாளின் மேலேயே சிவப்பு மையால் இன்னொரு தரம் எழுதினவர். இப்போது அவர் எழுதிப் போட்டதையெல்லாம் ஜானகி அம்மாள் பொறுக்கி ஒரு தோல் பெட்டியில் அடுக்கினார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் எழுதினது என்பது போதும். 1920 ஏப்ரல் 26-ந் தேதி எல்லாம் முடிந்துபோனது.

தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அவருடைய பழைய மூன்று நோட்டுகள் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. இந்த உதிரித் தாள்களை மட்டும் 1923-ல் கேம்பிரிட்ஜுக்கு, பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பினார்கள். அவரிடமிருந்து வாட்சன் என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தன. 1965-ல் வாட்சன் இறந்தார். அவர் படிப்பறையில் தரையெல்லாம் ஓரடி உயரத்துக்குக் காகிதம்! இன்னும் சில நாளில் கொளுத்தப்போகிறார்கள். நல்ல வேளை, அதற்கு முன் அவர் மனைவி, விஷயம் தெரிந்த விட்டேக்கர் என்ற பேராசிரியரை அறைக்குள் விட்டார். அவர் குவியலில் கையை விட்டுத் துழாவ, வந்தது ராமானுஜனின் தாள்! 1968 டிசம்பரில் ராங்கின் என்ற இன்னொரு பேராசிரியர் அதை டிரினிட்டி நூலகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கேயும் எட்டு வருஷம் ஒரு பெட்டியில் கிடந்தது. 1976-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் பெட்டியைத் திறந்தபோதுதான் இது என்ன பொக்கிஷம் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

அப்போது ஜானகி அம்மாள் எங்கே? சென்னை திருவல்லிக்கேணியில். கணவர் போன பிறகு பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டு வந்து, தைத்துக் கொடுத்தும் பல்கலைக்கழகம் தந்த சிறு பென்ஷனிலும் காலம் தள்ளினார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவருக்குச் சிலை வைக்கிறேன் என்று சொன்னார்களே, வைக்கவில்லையே என்று அவர் வருத்தப்பட்டது தெரிந்து, வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் போட்டு ஒரு மார்பளவுச் சிலை செய்வித்து அனுப்பினார்கள். பக்கத்தில் இருந்த நாம் செய்யாததைக் கடல் தாண்டி இருந்தவர்கள் செய்தார்கள். 1994-ல், 95 வயசில் அவர் காலமானார்.

கேம்பிரிட்ஜ் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: நூலகத்தில் வெளியாட்களைக் கொஞ்ச நேரம்தான் விடுகிறார்கள். முதலிலேயே விசாரித்துக்கொண்டு போங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கும்பகோணம் போகலாம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003-ல் வாங்கி நன்றாக வைத்திருக்கிறது. சின்ன ஓட்டு வீடு. பெருமாளைச் சேவித்துவிட்டு நடந்தே வந்துவிடலாம்.