இரு பாதைக்கும் ஒரு டயர்

எங்கள் கினிகத்தேனையில் ஓடும் வண்டிகளுக்குப் பாதை இருவகை. ஒன்று, அவிசாவளையிலிருந்து அட்டன் வழியே நுவரெலியா செல்லும் ஏ 7 தார் வீதி; மற்றது, லயங்களுக்கு ஏறும் சேற்றுப் பாதை. வீதி டயரின் குறுகிய பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றித் தாரைப் பற்றும். சேற்றில் அவை அடைபட்டு வழுக்கும். சேற்று டயரின் அகன்ற பள்ளங்கள் சேற்றை உதறும். தாரில் இரையும், விரைவில் தேயும், நனைந்த வளைவில் பிடி குறையும். இரண்டுக்கும் இடைப்பட்டது ‘ஆல் டெரெய்ன்’ டயர். எதிலும் முதன்மையன்று, இரண்டிலும் ஓரளவு கைகொடுக்கும்.

நள்ளிரவில் பிரசவ வேதனையுற்றவளை லயத்திலிருந்து மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி, ஒரே பயணத்தில் இரு பாதைகளையும் கடக்க வேண்டும். அதற்கு இடைப்பட்டதையே நாம் பரிந்துரைப்போம். பள்ளம் தேய்ந்துவிட்டாலோ எவ்வகையாயினும் அது மொட்டை டயரே. அதை மாதந்தோறும் பார்த்தல் நலம்.