சுழலாமல் எறிதல்: மாணவன் காட்டிய பிழை



இப்பக்கத்தில் இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்பு ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாக எழுதி வருகிறேன். இன்று எழுத விழைவது கத்தி எறிதலைப் பற்றி. 'தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு?' என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அக்கேள்விக்கு அஞ்சியே நான்கு ஆண்டுகளாக இப்பழக்கத்தை எவரிடமும் சொல்லாமல் இருந்தேன். அவ்வாறு மறைத்தது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எனக்கு உணர்த்தினான். ஆதலால் எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது ஜொகூர் மாநிலத்தின் செம்பனைத் தோட்டம் ஒன்றில். என் தந்தையார் குலை வெட்டுபவர். நீண்ட கோலின் நுனியில் பூட்டிய அரிவாள் எங்கள் வீட்டுச் சுவரோரம் எப்போதும் சாய்ந்திருக்கும். கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்க அவர் விடமாட்டார். "கீழே வை, அவன் எடுத்துக்கொள்வான்" என்பார். கத்தியிடம் எனக்குள்ள அச்சமும் அன்பும் அங்கே தொடங்கியவை.

சுழலும் வீச்சும் சுழலா வீச்சும்

கத்தி எறிதலில் இரு முறைகள் உண்டு. முதலாவது, கத்தி காற்றில் கரணமடித்துச் சென்று குத்தும் முறை. கூத்துக் கொட்டகைகளிலும் திரைப்படங்களிலும் நாம் கண்டது பெரும்பாலும் இதுதான். இம்முறையில் எறிபவர் நிற்கும் தொலைவு முன்கூட்டியே அளந்து வைத்ததாக இருக்கவேண்டும். ஓரடி முன்னே வந்தாலும் பின்னே போனாலும், முனைக்கு மாறாகக் கைப்பிடியே பலகையில் மோதும்.

இரண்டாவது, சுழலா வீச்சு. கத்தி ஈட்டியைப் போல் முனை முன்னோக்கிச் செல்லும். உண்மையில் அது அறவே சுழலாமல் இல்லை. கையை விட்டுப் புறப்படும்போது முனை வானை நோக்கியிருக்கும். பலகையை அடையும்போது பலகையை நோக்கியிருக்கும். ஆக, முழுப் பயணத்திற்கும் கால் சுற்று மட்டுமே. அந்தக் கால் சுற்றை வழிநெடுகச் சீராகப் பரப்பிவிடுவதுதான் இக்கலையின் மறைபொருள்.

ஜப்பானியர் குச்சி வடிவிலான ஷூரிக்கென்னை இவ்வாறு எறிவதற்கு 'ஜிகிதாஹோ' என்று பெயரிட்டனர். நேரடியாகத் தாக்கும் முறை என்பது அதன் பொருள்.

நம் முன்னோரிடமும் இவ்விரு வகை வீச்சுகளும் இருந்தன. சிவகங்கைச் சீமையின் வளரி சுழன்று செல்வது. வேல் சுழலாமல் செல்வது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்பித்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளிவந்த தம் போர் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்தவர் கையில் வளரி நூறு கெசத் தொலைவுக்குள் குறி தவறாது என்றும் வியந்திருக்கிறார். அதே வெல்ஷ் 1801இல் மருதிருவரை எதிர்த்த படையில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி, 1802இல் மற்றப் போராளிகளுடன் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு நம் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டான். 1818இல் பினாங்கு வந்த வெல்ஷ், அங்கே உருக்குலைந்து முதியவரைப் போல் தோன்றிய துரைசாமியைக் கண்டு கலங்கியதையும் பதிவு செய்திருக்கிறார். கற்பித்தவரின் மகனைக் கற்றவர் அந்நிலையில் காண நேர்ந்ததை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

என் பலகையும் என் பிழைகளும்

வீட்டின் பின்புறம், உயர்ந்த மதிலுக்கு முன்னால் என் இலக்கு நிற்கிறது. அது புலாய் மரத்தின் குறுக்குவெட்டு வட்டத் துண்டு. நம் மாநிலத்தின் குனோங் புலாய், கங்கார் புலாய் என்னும் பெயர்களில் வரும் அதே புலாய்தான். தமிழில் இவ்வினத்து மரத்தை ஏழிலைப்பாலை என்கிறோம். இதன் மென்மையான பலகையில் முற்காலத்துப் பிள்ளைகள் எழுதிப் பழகினர். அதனாலேயே இதன் அறிவியல் பெயரில் பள்ளியைக் குறிக்கும் 'ஸ்காலரிஸ்' என்னும் சொல் சேர்ந்தது. மென்மரத்தின் குறுக்குவெட்டில் நார்கள் விலகி முனைக்கு இடம் கொடுக்கும். கத்தி திரும்பத் தெறிப்பது குறையும். கடின மரத்தில் பழகுவது ஆபத்து.

என் கத்திகள் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்திற்குச் சற்றுக் கூடுதலானவை. அவற்றின் விளிம்புகள் மழுங்கியவை. முனை மட்டுமே கூர்மை. நீளமான கத்தி மெல்லத் திரும்பும். குட்டையானது வெடுக்கென்று கரணமடிக்கும். ஆகவே தொடக்கநிலையினர்க்கு நீளமே நல்லது.

இரண்டு மீட்டர் தொலைவில் எனக்குப் பத்துக்கு எட்டு குத்தும். மூன்று மீட்டரில் ஆறு. நான்கு மீட்டருக்குப் போனால் இரண்டுதான். நான்கு ஆண்டுகளாக இதே நிலை. கத்தியை மாற்றினேன், நிற்கும் முறையை மாற்றினேன், விடியற்காலையில் பழகிப் பார்த்தேன். தேக்கம் உடையவில்லை.

ஒரு சொல்

சென்ற ஆண்டு, ஓய்வு நேரத்தில் ஒரு மாணவன் தன் கவராயத்தை வகுப்பின் அறிவிப்புப் பலகையை நோக்கி எறிந்தான். அது நேராகக் குத்தி நின்றது. ஒரு மாணவி அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள்.

நான் நடுங்கிப் போனேன். அந்த நடுக்கமே சினமாக வெளிப்பட்டது. வகுப்பார் அனைவரும் கேட்க, "நீ நாளைக்குக் குண்டர் கும்பலில்தான் போய்ச் சேரப்போகிறாய்" என்று சொல்லிவிட்டேன். பையன் ஒன்றும் பேசவில்லை.

நான்கு நாள் கழித்து அவனுடைய தந்தையார் பள்ளிக்கு வந்தார். நாள்தோறும் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். அன்று அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"ஐயா, அவன் செய்தது தப்பு. அதற்கு நீங்கள் அடித்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சொல்லை அவனால் விழுங்க முடியவில்லை. நான் அப்படியா ஆகிவிடுவேன் என்று என்னையே கேட்கிறான்."

என்னிடம் மறுமொழி இல்லை. வீட்டில் ஆறு எறிகத்திகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஒருவன், கவராயத்தை எறிந்த பத்து வயதுச் சிறுவனைக் குண்டர் என்று சொன்னேன். அவரிடம் உண்மையைச் சொன்னேன். மறுநாள் வகுப்பில், எல்லார் முன்னிலையிலும் சொன்ன சொல்லுக்கு எல்லார் முன்னிலையிலுமே மன்னிப்புக் கேட்டேன். அவன் செய்தது ஏன் ஆபத்து என்பதையும் அப்போதுதான் சரியாக விளக்கினேன்.

தந்தையார் ஒன்று கேட்டிருந்தார்: "ஐயா, அதை நாங்கள் ஒருநாள் பார்க்கலாமா?"

கொக்கி

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தனர். பையன் கத்தியைத் தொடுவதில்லை என்பது உடன்பாடு. எனக்குப் பின்னால் நெடுந்தொலைவில் கோடு கிழித்து, தந்தையும் மகனும் அதற்கு அப்பால் நின்றனர்.

வழக்கம்போல் இரண்டு மீட்டரில் நன்றாகக் குத்தியது. நான்கு மீட்டரில் வரிசையாகத் தெறித்து விழுந்தது. பையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஐயா, கிட்டே நிற்கும்போது உங்கள் கை சுவரில் தூரிகை இழுப்பதுபோல் நேராக வருகிறது. தூரமாக நின்றால் கடைசியில் கொக்கி மாதிரி மடங்குகிறது."

நான் நம்பவில்லை. தந்தையார் கைப்பேசியில் பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். அவன் சொன்னது அப்படியே இருந்தது. தொலைவு கூடியதும் 'இன்னும் கொஞ்சம் விசை வேண்டும்' என்று என் மனம் எண்ணியிருக்கிறது. கை அந்த விசையைக் கடைசிக் கணத்தில் மணிக்கட்டால் சேர்த்திருக்கிறது. அந்தச் சொடுக்கே கத்தியைச் சுழற்றியது. நான்கு ஆண்டுகளாக நான் எதையெதையோ கூட்டிப் பார்த்தேன். செய்யவேண்டியிருந்ததோ ஒன்றைக் கழிப்பது.

அதன்பின் நான் கடைப்பிடித்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. சுட்டுவிரலைக் கத்தியின் முதுகின்மேல் நீளவாக்கில் வைக்கவேண்டும். கத்தி நழுவும்போது அவ்விரல் கைப்பிடியின் கடைசிவரை உரசி வரும். கை வளைவாக வீசப்படுவதால் கத்திக்கு ஏற்படும் சுழற்சியை அந்த உரசலே அடக்குகிறது.

2. மணிக்கட்டு முதலிலிருந்து இறுதிவரை இறுகாமலும் மடங்காமலும் இருக்கவேண்டும். விசை காலிலும் இடுப்பிலும் தோளிலும் பிறக்கட்டும்.

3. பிடி தளர்வாக இருக்கட்டும். இறுகப் பிடித்தால் விடுபடும் கணம் தாமதமாகும்.

4. கத்தி பலகையைத் தொடும் கோணத்தைப் படிக்கவேண்டும். முனை மேல்நோக்கி மோதினால் சுழற்சி போதவில்லை. சற்று முன்னதாகவே விட்டுவிட்டோம். முனை கீழ்நோக்கி மோதினால் சுழற்சி மிகுந்துவிட்டது; தாமதமாக விட்டிருக்கிறோம் அல்லது மணிக்கட்டைச் சொடுக்கியிருக்கிறோம்.

5. இரண்டு மீட்டரில் தொடங்கி, பத்துக்கு எட்டு குத்திய பிறகே அரையடி பின்வாங்கவேண்டும். தவறத் தொடங்கினால் வெட்கப்படாமல் மீண்டும் முன்னே வரவேண்டும்.

ஐந்தாவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மூன்று மாதங்கள் கழித்து இப்போது நான்கு மீட்டரில் பத்துக்கு ஆறு குத்துகிறது. பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன்.

பையனின் ஈட்டி

உடற்கல்வி ஆசிரியரிடம் பேசினேன். நுரையால் செய்த பயிற்சி ஈட்டியைக் கொடுத்துத் திடலில் எறியச் சொன்னோம். எறியும் ஆசை தவறன்று. அதற்கு இடமும் கருவியும் எல்லைக்கோடும் தேவை, அவ்வளவே.

அவனுடைய கேள்விகள் ஓயவில்லை. முனை ஏன் முதலில் தரையைத் தொடவேண்டும் என்று ஒருநாள் கேட்டான். 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்ததையும், அவ்வளவு தொலைவு திடலுக்கே ஆபத்து என்று கருதப்பட்டதையும், ஈட்டி தட்டையாக விழுவதால் நடுவர்கள் திணறியதையும், 1986 முதல் ஆடவர் ஈட்டியின் எடைமையம் 4 சென்டிமீட்டர் முன்னுக்கு நகர்த்தப்பட்டதையும் சொன்னேன். முன்புறம் கனத்தால் முனை தானே கீழிறங்கும் என்பதை அவனே ஊகித்துச் சொன்னான். கணிதத்தில் அவ்வளவாக நாட்டமில்லாத பையன் அவன். இப்போது ஆறாம் ஆண்டில் இருக்கிறான். எறியும் ஒவ்வொரு தொலைவையும் அளந்து குறிப்பேட்டில் எழுதி வைக்கிறான்.

வகுப்பறைக்குத் திரும்பி

வாசிக்கத் திணறும் பிள்ளைகளிடம் நாம் என்ன செய்கிறோம்? அவர்கள் பின்தங்கும் தொலைவு கூடக்கூட நாமும் விசையைக் கூட்டுகிறோம். கூடுதல் பயிற்றி, கூடுதல் வீட்டுப்பாடம், எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிக் கணத்தில் ஒரு கடுஞ்சொல். முழு வீச்சும் நேராக வந்திருந்தாலும், அந்த ஒரு சொடுக்கு பிள்ளையைச் சுழற்றிவிடுகிறது. ஆண்டு முழுவதும் நான் அந்த மாணவனிடம் நன்றாகவே நடந்துகொண்டேன். அவன் மனத்தில் குத்தி நின்றது அந்த ஒரு சொல்தான். இப்போதெல்லாம் ஒரு பிள்ளை திணறினால், குரலை உயர்த்துவதற்கு முன் இரண்டு பாடம் முன்னே போய், அவனால் இயலும் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதனைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் கையில் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். என் கத்திகள் வீட்டு வேலியைத் தாண்டுவதில்லை. பெரியவர்கள் பழகினாலும், மூடிய காலணி அணிந்து, பின்னால் ஆளில்லாத மதிலை நோக்கி, எல்லாக் கத்திகளும் எறிந்து முடிந்த பிறகே எடுக்கச் செல்லவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடைபெறும்போது தந்தையார் ஒரு கத்தியைப் பார்க்க விரும்பினார். நான் கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்தேன். அவர் சிரித்தார். "எங்கள் அப்பாவும் தோட்டத்தில் இப்படித்தான் வைப்பார், ஐயா" என்றார். பையன் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் பட்டறிவையும் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஓர் ஆசிரியன்