பறவையைக் கண்டவர்

சிங்கப்பூர்

அன்புள்ள அண்ணனுக்கு,

சென்ற ஞாயிறு விடியலில் புக்கிட் தீமா குன்றில் ஏறினேன். மழை விட்ட காடு. விழுந்து கிடந்த மரமொன்றில் பச்சையாய் ஒரு வண்டு மின்னியது. நம் கொடுக்காப்புளி மரத்துப் பொன்வண்டுதான் உடனே நினைவுக்கு வந்தது. தீப்பெட்டிக்குள் தழை போட்டு வளர்த்தோமே!

1854இல் இந்தக் குன்றடிக்கு இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வந்து தங்கினார். வசதியான வீட்டுப் பிள்ளையல்ல. பதினாலு வயதில் படிப்பு நின்று, நிலம் அளக்கும் வேலைக்குப் போனவர். அமேசான் காடுகளில் நான்கு வருடம் அலைந்துவிட்டு 1852இல் ஊர் திரும்பும்போது கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. உடன் கொண்டுவந்த சேகரிப்பெல்லாம் போய், பத்து நாள் படகில் தத்தளித்து, வேறொரு கப்பல் காப்பாற்றிக் கரை சேர்ந்தார். இரண்டே வருடத்தில் மறுபடியும் கிளம்பி இங்கே வந்துவிட்டார். அந்த மனதை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

இங்கே இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகள் கிடைத்தன. அநேகமாக எல்லாமே ஒரு சதுர மைல் காட்டுக்குள். சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிப் போட்டிருந்த இடம் அது. வாடிய இலையும் பட்டையும் மரத்தூளும் வண்டுகளுக்கு விருந்து. பெருமளவு அவர்கள் உழைப்பால்தான் தனக்கு இத்தனை கிடைத்தது என்று வாலஸே எழுதியிருக்கிறார். புலிக்காக வெட்டிய குழிகளும் அங்கே இருந்தன.

இப்படி மொத்தம் எட்டு வருடம் தீவு தீவாக அலைந்தார். பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே குறுகலான ஒரு நீரிணைதான். ஆனால் இக்கரைப் பறவை வேறு, அக்கரைப் பறவை வேறு என்று கண்டார். 1858இல் இயற்கைத் தேர்வு பற்றி அவர் அனுப்பிய கட்டுரை டார்வினையே உலுக்கியது. இதெல்லாம் நீங்கள் வகுப்பில் நடத்தியதுதான்.

அலியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சரவாக்கில் வாலஸிடம் சமையலுக்குச் சேர்ந்த மலாய்ப் பையன். பறவை சுடவும் தோல் உரித்துப் பதப்படுத்தவும் பழகினான். வாலஸ் காய்ச்சலில் கிடந்தபோது கவனித்துக்கொண்டான். 1858 அக்டோபரில் பாச்சான் தீவில், தோளில் நீண்ட வெள்ளை இறகுகள் கொண்ட சொர்க்கப் பறவை ஒன்றை இடுப்பில் கட்டித் தொங்கவிட்டு வந்து நின்றான். அறிவியல் அதுவரை அறியாத பறவை. அதற்கு வாலஸின் பெயரை வைத்தார்கள்.

வாலஸ் இதை மறைக்கவில்லை. பறவையைக் கொண்டுவந்தது அலிதான் என்று தன் புத்தகத்தில் எழுதினார். 1862இல் பிரியும்போது, இதே சிங்கப்பூரில், துப்பாக்கிகளும் மிச்சமிருந்த சாமான்களும் கொடுத்து அவனைப் புகைப்படம் எடுக்கவும் ஏற்பாடு செய்தார். அந்த முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1907இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெர்னாத்தே தீவுக்குப் போனபோது, வெளுத்துப்போன நீலத் தொப்பியோடு ஒரு கிழவர் எதிரே வந்து நின்றார். தன் பெயர் அலி வாலஸ் என்றார்.

அண்ணா, அந்தப் பொன்வண்டை முள்ளில் கை கிழிய மரமேறிப் பிடித்தது நீங்கள். பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பேர் வாங்கியது நான். நான் பிடித்ததாகவே உங்கள் பேரனுக்கும் போன வருடம் கதை சொன்னேன். பிடித்தது யார் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புத் தம்பி