பட்டு வாங்கப் போன ஊரில் ஒரு நாகஸ்வரம்

நாத்தனார் பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். கடைக்கு முன்னால் தறியைப் பார்க்கலாமே என்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்குத் தனி நாடா. ஒருவரால் ஆகாது, துணைக்கு இன்னொரு கை வேண்டும். அங்கே அந்தக் கை வீட்டுக்காரியுடையது. கடையில் அவள் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?

மாலையில் வரதராஜர் கோயில். பூஜை முடிந்து, வயதான வித்வான் ஒருவர் நாகஸ்வரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் புடவையின் எடையை விசாரிக்கிறோம், வாசிப்பவர் பேரை விசாரிக்கிறோம். வாத்தியம் யார் செய்தது என்று கேட்டதுண்டா? கேட்டேன்.

"நரசிங்கம்பேட்டைம்மா. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவிலே இருக்கு. எங்கப்பா வாங்கினது" என்றார்.

ஆச்சா மரத்தில் கடைவார்களாம். புதுமரம் ஆகாது, வெடித்துவிடும். எண்பது, நூறு வருஷம் உத்தரமாகவோ தூணாகவோ நின்று காய்ந்த மரம்தான் வேண்டும். பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் ஆசாரிமார் தேடிப் போவார்களாம்.

அந்தக் காலத்து வாத்தியம் திமிரி. குட்டை, உச்ச சுருதி. அதில் சுத்த மத்யமம் லேசில் பேசாது. மூச்சைப் பிடித்துத்தான் வரவழைக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி மறுபடி மறுபடி கடைந்து, துளைகளின் கணக்கை மாற்றி, 1955-ல் சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும் பாரி நாகஸ்வரத்தைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே பிள்ளை காலமாகிவிட்டார். ஆசாரியின் அளவு மட்டும் நின்றுவிட்டது. இன்று முகூர்த்தத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்தப் பாரிதான். தோடி என்றால் பிள்ளை பேரைச் சொல்கிறோம். ஆசாரி பேரை நான் அன்றுதான் கேட்டேன்.

இப்போது அந்த ஊரில் இந்த வேலை தெரிந்த குடும்பங்கள் சிலவே. காஞ்சிப் பட்டுக்குப் போலவே நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

"முத்திரை வந்திடுச்சு, மரம் வரணுமேம்மா" என்று சிரித்தார் பெரியவர். "உங்க பக்கம் பழைய வீடு இடிச்சா, உத்தரம் ஆச்சாவான்னு பாருங்க. அடுப்புக்குப் போட்டுடப் போறாங்க."

எங்கள் மாமனாரின் ஊர் வீட்டைச் சித்திரையில் இடிப்பதாகப் பேச்சு. கூடத்து உத்தரம் கறுத்து, இரும்பாய் இருக்கும். என்ன மரமென்று யாரும் பார்த்ததில்லை. ராத்திரியே மைத்துனருக்குப் போன் போட்டேன். "விறகுக்காரனுக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சே மன்னி" என்றார். திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.