கிணற்றுப் பங்கு

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்கள் அவற்றில் வரும் ஒரு தொடரை அறிந்திருப்பர். காணியின் பெயரும், பரப்பும், நாற்புறத்து எல்லையும் சொல்லப்பட்ட பின்னர், 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்' என்று எழுதப்பட்டிருக்கும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு எங்களுடையது. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கித் தங்கினால்தான் கோடையில் தோட்டம் உண்டு. ஆகவே நிலம் வைத்திருப்பவன் எல்லாம் தோட்டக்காரன் ஆகிவிட முடியாது; கிணற்றில் பங்குள்ளவனே தோட்டக்காரன்.

வலிகாமத்துச் செம்மண் ஊர் ஒன்றிலே எங்கள் தோட்டக் கிணறு இருக்கிறது. அதற்குப் பங்காளர் ஐந்து குடும்பத்தினர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இறைப்பு முறை உண்டு. முறை நாள் தவறினால் அடுத்த முறை வரும்வரை பயிர் காத்திருக்க வேண்டும். வெங்காயம் அவ்வளவு காலம் காத்திருக்காது.

1993 ஆம் ஆண்டு தை மாதத்தில் என் தந்தையார் காலமானார். மாரி ஓய்ந்து, நாங்கள் நட்ட சின்ன வெங்காயத்துக்கு இருபது நாள் வயது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; அயலவர் சோறும் கறியும் சமைத்துக் கொண்டு வந்தனர். இது எங்கள் ஊரில் எல்லாரும் அறிந்த உதவி. தோட்டத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பேச எனக்கும் வாய் வரவில்லை. தந்தை சுடலையில் எரிந்துகொண்டிருக்க மகன் வெங்காயத்தை நினைத்தான் என்று பிறர் சொல்வார்களோ என்ற அச்சம் எனக்கிருந்தது.

நான்காம் நாள் விடியுமுன் ஒருவருக்கும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் இறைப்பு முறை முதல்நாள் கழிந்துவிட்டது. தாள் வாடிச் சாய்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனவன், வரம்பிலே கால் வைத்ததும் சேறு ஒட்டக் கண்டேன். பாத்திகள் யாவும் நனைந்து கறுத்திருந்தன. ஒரு பாத்தியேனும் விடுபடவில்லை.

அக்காலத்தில் ஒரு தோட்டத்துக்கு நீர் இறைப்பது என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்தது. எரிபொருளும் பசளையும் வருவதில்லை. மண்ணெண்ணெயைப் போத்தற் கணக்கில் வாங்கி, துளிக் கணக்கில் செலவு செய்தோம். நீரிறைக்கும் இயந்திரங்கள் பல வீடுகளில் சாக்கினால் மூடப்பட்டுக் கிடந்தன. எங்கள் கிணற்றடியில், தாத்தா காலத்து ஆடுகால் பட்டுப்போகாமல் நின்றதனால், பழைய பனந்துலாவை மீண்டும் ஏற்றியிருந்தோம். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் கட்ட ஒருவர்: குறைந்தது மூவர் வேண்டும். நால்வராயின் மாறி மாறி மிதிக்கலாம். எங்கள் தோட்டத்தை இறைத்து முடிக்க இரவில் பெரும்பகுதி சென்றிருக்கும்.

பங்காளர் இருவர் பட்டை பிடித்தும் தண்ணீர் கட்டியும் இருந்தனர். இரவெல்லாம் துலா மிதித்தவர் பங்காளர் அல்லர். எங்கள் காணியின் மேற்குக் கரையில் மூன்று பரப்பைக் குத்தகைக்குச் செய்துகொண்டு, மற்ற நாட்களில் எங்களிடம் கூலிக்கு வந்தவர். வயதில் என் தந்தைக்கு இளையவர். எனக்கு அண்ணன் முறையில் அழைக்கத்தக்கவர். ஆயினும் எங்கள் வீட்டில் அவரை 'அவன்' என்றே குறிப்பிட்டோம். அவர் என் தந்தையைக் 'கமக்காரன்' என்றும், என்னைச் 'சின்னக் கமக்காரன்' என்றும் அழைத்தார். இவ்வளவும் சொன்னால் அவர் எச்சாதி என்பதை யாழ்ப்பாணத்து வாசகர் அறிந்துகொள்வர். சாதிப் பெயர் எழுத வேண்டியதில்லை.

கிணற்றுக் கட்டிலே குடிநீர் அள்ளுவதற்கென ஒரு சிறிய வாளி இருந்தது. துலாவின் மேல் நின்று ஆயிரம் பட்டை நீரை மேலே ஏற்றிய அந்த மனிதருக்கு அந்த வாளியைத் தொட உரிமை இல்லை. தாகம் எடுத்தால் இறங்கி வந்து கையேந்தி நிற்பார். யாரேனும் வார்க்க வேண்டும். வார்ப்பதற்கு ஆளில்லாதபோது வாய்க்காலில் ஓடும் நீரை அள்ளிக் குடிப்பார். 1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது. அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளின் பின் நான் சொல்வது நடந்தது. சட்டம் எங்கள் கிணற்றடிவரை வந்துசேரவில்லை.

அன்று காலையில் அவரைக் கண்டு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லிச் சொல்வது என்று தெரியவில்லை. அவரே பேசினார்.

"பெரிய கமக்காரன் கையாலை வைச்ச வெங்காயம். வாட விடலாமோ?"

அவ்வளவுதான். நான் வாளியை எடுத்து, அவர் கையில் தண்ணீர் வார்த்தேன். அது நன்றி என்று எண்ணினேன். இன்று நினைக்கும்போது நாணமாக இருக்கிறது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை மழைக்குள் கடந்து, அந்த மனித வெள்ளத்தோடு தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில், அவருடைய குடும்பமும் எங்கள் குடும்பமும் அடுத்தடுத்த கொட்டில்களில் இருந்தன. இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரே கிணறு, ஒரே வாளி. வரிசையில் நின்று முறைப்படி அள்ளினோம். அங்கே யார் யாருக்கு வார்ப்பது? கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

தோட்டக்காரனுக்குக் கை சும்மா இராது. அவர் தென்னைகளுக்கு இடையில் மண்ணைக் கொத்தி, முளைக்கீரை நான்கு பாத்தி போட்டார். கீரை ஒரு சாண் உயரம் வளர்ந்தபோது அவருடைய இளைய மகன் காய்ச்சலில் இறந்தான். ஒன்பது வயது. மருந்துக்கு அலைந்த இரண்டு நாளும் நான் அவரோடு இருந்தேன்.

பிள்ளையை அடக்கம் செய்து திரும்பியவர் கொட்டிலுக்குள் படுத்துவிட்டார். ஒருவரோடும் பேசவில்லை. மறுநாள் காலை என் தாயார், வாழ்நாளில் அவர்கள் வீட்டு வாசலை மிதித்தறியாதவர், வரிசையில் நின்று தண்ணீர் அள்ளினார். அதனை அவருடைய கீரைப் பாத்திக்குக் கொண்டுபோய் ஊற்றினார். எங்களுக்கே குடிக்க நீர் போதாமல் இருந்த காலம் அது. நான் ஏன் என்று கேட்டேன்.

"கொப்பற்றை வெங்காயத்துக்கு அவர் கணக்குப் பாத்தவரே?" என்றார் அம்மா.

'அவர்' என்று என் தாயார் சொன்னதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

எட்டு நாள் நாங்கள் நீர் ஊற்றினோம். ஒன்பதாம் நாள் அவர் தாமாகவே எழுந்து வந்து பாத்தியருகே குந்தியிருந்து களை பிடுங்கினார். அம்மா ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலே குந்தியிருந்து, அவரும் களை பிடுங்கினார். அந்தக் கீரையைத்தான் இரு குடும்பமும் சமைத்து உண்டன.

1996 ஆம் ஆண்டு சித்திரைக்குப் பின் ஊருக்குத் திரும்பினோம். கிணற்றுக்குள் ஓலையும் மட்டையும் கிடந்தன. எல்லாரும் சேர்ந்து இறைத்துச் சேறு அள்ளினோம். ஊற்று நீர் தெளிந்து வந்தபோது அவரும் வாளியை எடுத்து அள்ளிக் குடித்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இடப்பெயர்வு ஒரு நன்மையையேனும் செய்தது என்று நான் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி ஒரு வெங்காயப் போகம்கூட நிலைக்கவில்லை. முதலில் பங்காளர் ஒருவர் வீட்டிலிருந்து தமக்கென வேறு வாளி கொண்டு வந்தார். பின்னர் பழைய வாளி கட்டிலிருந்து எடுக்கப்பட்டு உயரத்தில் கொழுவப்பட்டது. ஒரு சொல் இல்லை. ஒரு சண்டை இல்லை. ஒரு நாள் பார்த்தபோது அவர் மீண்டும் வாய்க்காலில் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார். நான் கண்டேன். அவரும் நான் கண்டதைக் கண்டார். இருவரும் பேசவில்லை.

துயரம் மனிதரைச் சமமாக்கும் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான், துயரம் உள்ளவரை சமமாக்கும். துயரம் ஆறியதும் பழைய வழக்கம் தன் இடத்தைத் தேடி வந்து அமர்ந்துகொள்கிறது. ஏனெனில் துயரத்தின்போது நாம் பகிர்ந்தது இரக்கத்தை, உரித்தை அல்ல. இரக்கம் கொடுப்பவனின் கையிலே இருக்கிறது. வேண்டும்போது அவன் அதனை மடக்கிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது என்ன என்பது எனக்கு அப்போதே தெரியும். அவர் செய்துவந்த மூன்று பரப்பையும் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தால், அதனோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் போகும். அதற்கு வேண்டியது என் கையொப்பம் ஒன்றே. அந்தக் கையொப்பத்தை இட எனக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. தங்கையின் கலியாணம், போர், விலை வீழ்ச்சி என்று காரணங்கள் சொல்லலாம். பங்காளரின் முகத்துக்கு அஞ்சினேன் என்பதே உண்மை.

2004 ஆம் ஆண்டில் அவரிடம் சென்று, காணியை இனாமாக எழுதித் தருகிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்பவன்போல் நின்றிருப்பேன். அவர் சிறிது நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா தந்தால் அது உங்கடை கிணறுதான். விலைக்குத் தாருங்கோ. அப்பதான் அது என்ரை கிணறு."

ஊர் நடப்பு விலையைக் கேட்டறிந்து, மூன்று போக வெங்காயப் பணத்தில் கொடுத்து முடித்தார். தேசவழமைப்படி பங்காளருக்கு முன்னறிவித்தல் கொடுத்தேன். வாங்க ஒருவரும் வரவில்லை. ஒருவர் மட்டும் ஓராண்டு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்பு அவர் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தது. அவருடைய இறைப்பு முறை நாளில் நானும் புதிய பங்காளரும் போய் அவருடைய மிளகாய்க்குத் தண்ணீர் கட்டினோம். எட்டுச் செலவு கழிந்து தோட்டத்துக்கு வந்தவர், யார் கட்டியது என்று கேட்கவில்லை. வாளியை எடுத்துக் கட்டிலே வைத்துவிட்டுப் போனார்.

இதனால் எங்கள் ஊரில் சாதி ஒழிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். கலியாணப் பந்தியிலும் கோயில் வாசலிலும் அது இருக்கிறது. ஒரு கிணற்றடியில் ஒரு வாளி இடம் மாறியது, அவ்வளவே. ஆனால் அது உறுதியில் எழுதப்பட்டு இடம் மாறியது. எவருடைய மனம் மாறினாலும் அது இனித் திரும்பி மேலே ஏற முடியாது.

2017 ஆம் ஆண்டில் என் தாயார் காலமானார். இப்போது கிணற்றில் மின்சார மோட்டார், துலா இல்லை. ஆயினும் முறை உண்டு. முறை தவறினால் வாடும் வெங்காயமும் உண்டு. மூன்றாம் நாள், முன்போலவே ஒருவருக்கும் சொல்லாமல் தோட்டத்துக்குப் போனேன். அவர் தளர்ந்துவிட்டார். அவருடைய மகள் வாய்க்காலை மண்வெட்டியால் மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கடை முறை நேற்று, அண்ணை. அப்பா சொல்லிவிட்டவர். முழுக்கக் கட்டியாச்சு."

கிணற்றுக் கட்டில் குந்தினேன். அவள் வாளியை இறக்கி அள்ளி, முதலில் தான் குடித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, அம்மாவைப் பற்றி அவளோடு வெயில் ஏறும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.