பக்கவாத்தியத்தின் பெயர்

எஸ். ஜானகி பாடிய ஒரு பாட்டை எஸ். ஜானகி இல்லாமல் கேட்டேன். எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு. பள்ளி நாட்களிலிருந்தே மனப்பாடம். மயிலாப்பூரில் லஸ் முனையிலிருந்து மந்தைவெளிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காதில் புதிதாக வாங்கிய ஒயர் ஹெட்போன். பல்லவி தொடங்க வேண்டிய இடத்தில் குரல் வரவில்லை. யாரோ தூரத்துக் கிணற்றடியில் பாடுவதுபோல் அதன் எதிரொலி மட்டும் மெலிதாக வந்தது. டிரம்ஸ் அடங்கியிருந்தது. பேஸ் கிடார் ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. ஆனால் வயலின்கள் இருந்தன. குரலுக்கு அடியில் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு மெட்டு, முழு உருவத்தோடு என் இரண்டு காதிலும் நின்றது.

சரணத்தில் பாடகி ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் வயலின்கள் மேலேறும் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும், அது வெளியே கேட்கும் பகுதி. அவர் பாடிக்கொண்டிருக்கும்போது அவை என்ன செய்கின்றன என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். பாட்டு மேலே போகும்போது அவை கீழே இறங்கின. பாட்டு ஒரு சுரத்தில் நிற்கும்போது அவை நகர்ந்தன. யாரோ உட்கார்ந்து, ஒவ்வொரு வில்லுக்கும் தனித்தனியாகத் தாளில் எழுதிக் கொடுத்து, அதை ஒரு கூட்டமே சேர்ந்து வாசித்திருக்கிறது. நடைபாதையில் ஒரு கடைப்படியில் உட்கார்ந்து அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

இப்படி நடக்கக் காரணம் எளிமையானது. மைக் இல்லாத சாதாரண ஹெட்போனின் 3.5 மி.மீ. ஜாக்கைப் பாருங்கள். இரண்டு கறுப்புக் கோடுகள் அதை மூன்று துண்டாகப் பிரித்திருக்கும். நுனி இடது காதுக்கு, நடுத்துண்டு வலது காதுக்கு, அடித்துண்டு இரண்டுக்கும் பொதுவானது. கடைக்காரர்கள் அதை எர்த் என்பார்கள். ஜாக்குக்குள் நுழையும் இடத்தில்தான் ஒயர் அதிகம் மடங்கும். அங்கே எர்த் விட்டுப்போனால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று தொடராக இணைந்துவிடும். அப்போது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலியாகும், பொதுவானது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாடகர் நம் எதிரில் நிற்பதுபோல் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலிப்பதிவாளர்கள் குரலை இரண்டு பக்கமும் சம அளவில் வைப்பார்கள். அதனால் முதலில் மறைவது குரல். இடமும் வலமும் விரித்து வைக்கப்பட்ட வயலின்கள், கோரஸ், கிடார், எதிரொலி ஆகியவை தங்கும்.

தமிழில் ஸ்டீரியோவில், அதாவது இடமும் வலமும் வேறுவேறாக, பதிவான முதல் படப் பாடல்கள் என்று 1978-ல் வெளிவந்த ‘ப்ரியா’வைச் சொல்வார்கள். அதற்கு முந்தைய எம்.எஸ். விஸ்வநாதன் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மோனோ பதிவு, இரண்டு பக்கமும் ஒன்றேதான். அதனால் கிட்டத்தட்ட மௌனம். ஜாக்கை ஒரு பக்கமாகத் திருகிப் பிடித்தால் எல்லாம் திரும்பி வந்தது, கையை எடுத்தால் போனது.

உடனே மாற்றக் கொண்டுபோகவில்லை. எண்பதுகளின் பாட்டுகளையெல்லாம் அந்தப் பழுதோடு ஒரு சுற்று கேட்டு முடித்தேன். சிலவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை, வெறும் கலங்கல். சிலவற்றில் கிடைத்தது பெரிய சொத்து. இடையிசையில் மட்டும் வருகிறது என்று நான் நினைத்திருந்த கிடார் சரணம் முழுக்க ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்தது. கோரஸ் பெண்கள், கேட்கவே முடியாத அளவு மெதுவாக, நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

யார் இவர்கள் என்று தேடத் தொடங்கினேன். வழி மயிலாப்பூரிலேயே தொடங்கியது. இளையராஜா மேற்கத்திய இசை படித்தது இங்கே தன்ராஜ் மாஸ்டரிடம். மேற்கத்திய முறையில் எழுதி, பார்த்து வாசிக்கும் பழக்கம் சென்னையின் திரைப்பட வாத்தியக்காரர்களிடம் வேரூன்றியிருந்தது. வயலின் வி.எஸ். நரசிம்மன், கீபோர்டு விஜி மானுவல், டிரம்ஸ் புருஷோத்தமன், கிடார் சதானந்தம், பேஸ் சசி, புல்லாங்குழல் அருண்மொழி என்ற நெப்போலியன். தேடுகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் கிடைக்கும். அந்த வயலின் வரிசைகளில் நரசிம்மனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்கள் எளிதில் கிடைப்பதில்லை.

நரசிம்மனை நான் முன்பே அறிந்திருந்தேன். அவர்தான் என்று அறியாமல் அறிந்திருந்தேன். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசை மேதை பாஹுக்கும் காணிக்கையாக இளையராஜா 1986-ல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பின் வயலின் அவருடையது. 1993-ல் அவர் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஒரு கீர்த்தனையை முதல் வயலின் கமகம் குலையாமல் வாசிக்க, மற்ற மூன்றும் அதைச் சுற்றி வேறு வேறு சுரங்களில் நிற்கும். எனக்கு இது முழுப் புதுக் கண்டுபிடிப்பு. கர்நாடக இசையில் ஹார்மனி என்னும் சுரக்கோவையைக் கொண்டுவந்தால் ராகம் கெட்டுவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் குழுவைக் கேட்டபின் அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. ராகம் தெரிந்தவர் எழுதினால் கெடுவதில்லை.

இனி பழுதைச் சரிசெய்யப் போன கதை. ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில், கையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தவரிடம் காட்டினேன். ஜாக்கை இரண்டு தரம் திருகிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். “எர்த் விட்டுப்போச்சு சார். வெட்டிட்டு வேற பின் வெச்சா பத்து நிமிஷ வேலை. பில்லு இருக்கா?” இருக்கிறது என்றேன். “அப்ப நான் கை வெக்க மாட்டேன். வெட்டிட்டா வாரண்டி போயிடும். வாங்குன எடத்துலயே போய்க் கேளுங்க.” கையில் வந்த கூலியை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அந்த மனிதரின் நேர்மைக்கு என் வணக்கம்.

வாங்கிய இடம் தி.நகரில் ஒரு கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர் தன் போனில் செருகி, சமீபத்தில் வந்த ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தார். “நல்லாத்தானே சார் பாடுது?” என்றார். இந்தப் பழுதின் தொல்லையே இதுதான். ஒரு பக்கம் செத்துவிட்டால் யாருக்கும் புரியும். இதில் இரண்டு பக்கமும் சத்தம் வருகிறது. இன்றைய பாட்டுகளில் பக்கங்களில் அவ்வளவு நிரப்பியிருக்கிறார்கள், கடையின் இரைச்சலில் குரல் மங்கியிருப்பது தெரியாது. தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போங்கள், இங்கே மாற்றித் தருவதில்லை என்றும் சொன்னார்.

“தம்பி, ஒரு நிமிஷம், நான் போடறதக் கேளுங்க” என்று என் போனில் எம்.டி. ராமநாதனின் பழைய மோனோ கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிட்டேன்.

எம்.டி.ஆரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலக்காட்டு மஞ்ஞப்ராவில் 1923-ல் பிறந்தவர், டைகர் வரதாச்சாரியாரின் சீடர், அடையாற்றில் கலாக்ஷேத்ராவில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்தவர், 1984-ல் மறைந்தார். வரததாசன் என்ற முத்திரையில் கீர்த்தனைகள் இயற்றினார். குரல் மிகத் தாழ்ந்த சுருதி, நடை மிகவும் விளம்பம். ஒரு சுரத்தை விட்டு அடுத்ததற்குப் போக அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் சிலருக்குப் பொறுமையைச் சோதிக்கும். எனக்கு அந்த நேரம்தான் சங்கீதம். மலிவான காதுக்கருவிகளில் அவர் குரலின் அடிப்பாகம் வெளியே வராது, வெறும் கரகரப்பாகத் தெரியும். இந்த ஹெட்போனை நான் விலை கொடுத்து வாங்கியதே அவருக்காகத்தான்.

அந்த இளைஞர் காதில் வைத்துக் கேட்டார். “ஒண்ணுமே வரலையே சார். சும்மா ‘உஸ்’னு இருக்கு.” நாடாவின் இரைச்சல் அது. மோனோ நாடாவை ஸ்டீரியோவாக மாற்றிப் பதியும்போது இரைச்சல் மட்டும் இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கும். அதனால் அது தப்பிப் பிழைக்கிறது. கடையில் இருந்த இன்னொரு ஹெட்போனைச் செருகிக் கொடுத்தேன். மந்தர ஸ்தாயியில் எம்.டி.ஆர். நின்றுகொண்டிருந்தார். இளைஞர் உடனே கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “யாரு சார் இவரு?” என்றார். பெயரைச் சொன்னேன். முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, பில்லைப் பிரதி எடுத்துக்கொண்டு, பொருளையும் வாங்கிவைத்து ரசீது எழுதிக் கொடுத்தார். சில நாட்களில் புதிய ஹெட்போன் வந்தது.

இங்கே ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன், பயன்படும். விற்ற பொருள் பழுதானது என்றால் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தராமல் விற்பதும் அந்தச் சட்டப்படி அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் பில் இல்லாமல் போயிருந்தால் எம்.டி.ஆர். என்ன பாடியும் பயன் இருந்திருக்காது.

புதிய ஹெட்போனில் எல்லாம் கேட்கிறது. ஜானகி நடுவில் நிற்கிறார். அடியில் ஓடும் வயலின்களை இப்போது குரலோடு சேர்த்தே என்னால் பின்தொடர முடிகிறது. எங்கே இருக்கும் என்று தெரிந்துவிட்டதால் காது அங்கே போய்விடுகிறது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. மியூசிக் அகாடமியின் டிசம்பர் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள், கிருஷ்ண கான சபாவின் அழைப்பிதழைப் பாருங்கள், பகல் நேரத்தில் பாடும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கச்சேரியாக இருந்தாலும் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று அச்சிட்டிருப்பார்கள். வானொலியில் கச்சேரி முடிந்ததும் பக்கவாத்தியக்காரர்கள் பெயரை வாசிப்பார்கள். பாடுகிறவர் மேடையிலேயே தனி ஆவர்த்தனம் கொடுத்துவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கவாத்தியத்துக்குப் பெயரும் நேரமும் கொடுப்பது இந்த ஊரின் சங்கீத மரியாதை. அதே ஊரில், சில மைல் தள்ளி வடபழனியிலும் கோடம்பாக்கத்திலும், வயலினை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து வாசித்துவிட்டுப் போனவர்களின் பெயர் படப் பாட்டு இசைத்தட்டின் உறையில் பெரும்பாலும் இருக்காது. இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்களோடு சரி. அவர்களுடைய ஊதியத்துக்காகவும் மதிப்புக்காகவும் சங்கம் கட்டிப் போராடியவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மான் கேசட், சிடி உறைகளில் வாசித்தவர்கள் பெயரையும் அச்சிட்டபோது அது ஒரு நல்ல திருப்பமாக இருந்தது. இப்போது உறையே இல்லை. போன் திரையில் ஒரு படம், படத்தின் பெயர், பாடகர் பெயர். பழைய உறையைவிட இடம் அதிகம், பெயர்கள் அதற்கும் குறைவு.

பாட்டுகளை வெளியிடும் நிறுவனங்கள் நினைத்தால் இதை நாளைக்கே மாற்றலாம். பழைய பாட்டுகளுக்கும் தேடிச் சேர்க்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். எண்பதுகளில் அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் பிடித்தவர், கோரஸ் பாடியவர் உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்தப் பாட்டில் எந்த இடத்தை அவர் வாசித்தார் என்று கேட்டு, பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது.